மூவாயிரத்தைத் தொட்ட மூச்சு

காலை ஆறு மணிக்கே கிடங்கு வாசலில் வரிசை வளைந்து நின்றது. உள்ளே மீட்டர் மகான். முன்னால் ஒரு பெட்டி, அதில் ஒரு குழாய். ஊதினால் மூச்சின் சக்தி எண்ணாகத் தெரியும். மகான் தம் பொற்கையால் அதை அட்டையில் எழுதித் தருவார். ஒரே நிபந்தனை: மருந்தைத் தொடக்கூடாது. தொட்டால் சக்தி கோபித்துக்கொண்டு போய்விடுமாம். ரோஷக்கார சக்தி!

மூச்சிரைப்புக்காக வந்திருந்த அக்காவின் அட்டையை அவர் ஒலிபெருக்கியில் படித்தார்.

"மொத வாரம் அஞ்சு. அடுத்தது நாப்பத்தஞ்சு. அப்புறம் முந்நூத்தி எழுபத்தஞ்சு. இன்னிக்கு, மூவாயிரத்து நூத்தி இருபத்தஞ்சு!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மூவாயிரத்தைத் தொட்ட அக்காவோ, மூன்று படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய தங்கை பட்டறையில் ஃபிட்டர். அட்டையில் 0.5, 0.45, 0.375, 0.3125 என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா, இது ஏறலை, இறங்குது. 0.5னா பாதி. 0.3125 அதைவிடக் கம்மி. மருந்தை எடுத்துக்கோ."

"போடி, நட்டு முடுக்கறவளுக்கு மகான் கணக்கு புரியுமா? அஞ்சு பெரிசா, மூவாயிரம் பெரிசா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

தங்கைக்கு ஒரு வழி கிடைத்தது. மகானின் நாற்காலிக்கு மேலே தொங்கிய ராட்சத விசிறி கடகடவென்று ஆடுவதாகப் பட்டறைக்கு ஆள் வந்தது. அவளே போனாள். கூட்டம் நிறைந்திருந்தது, அக்காவும் இருந்தாள். ஏணியில் ஏறி, தேய்ந்த போல்ட்டைப் பார்த்துவிட்டு, மேலிருந்தபடியே கேட்டாள்.

"ஐயா, ரெண்டு போல்ட் இருக்கு. ஒண்ணு 0.5 அங்குலம், இன்னொண்ணு 0.3125. எதை மாட்டட்டும்?"

"மூவாயிரத்தை மாட்டும்மா!" கூட்டமே கத்தியது. "ஐயாவுக்குப் பெரிசாப் போடு!"

"சரி. ஐயா அசையாம கீழயே உக்காருங்க."

மகான் அண்ணாந்து பார்த்தார். அவள் விரலிடுக்கில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒல்லி போல்ட். விசிறியோ ஆள் கனம். நான்கு வாரமாக நாற்காலியை விட்டு இறங்காதவர் ஒரே தாவலில் கதவருகே நின்றார்.

"ஏய், அது வேணாம்! அரை அங்குலத்தைப் போடு!"

"ஏன் ஐயா, அது வெறும் அஞ்சுதானே?"

"அஞ்சாவது மண்ணாவது! அது பாதி! இது மூணுல ஒரு பங்குகூட இல்லையே, அறுந்து விழுந்திடாதா?"

கையில் இருந்த ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார் பாவம். கிடங்கு முழுக்கக் கேட்டது.

தங்கை நிதானமாக இறங்கினாள். "அப்ப எங்க அக்கா மூச்சு?"

ஒவ்வொருவராக அவரவர் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அடப்பாவி, நான் பாதியிலேர்ந்து கால்வாசிக்கு வந்துட்டேனா!" என்று அலறினார். மகான் நழுவப் பார்த்தார். வரிசையில் நின்று பழகிய கூட்டம், வாசலை அடைத்தபடி வரிசையாகவே நின்றது.

பெட்டி மட்டும் குற்றமற்றது. நான்கு வாரமும் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

"கையைக் குடுடி," என்றாள் அக்கா. "டாக்டர் கிளினிக்கைத் திறந்திருப்பாரா?"

தன் தலைக்கு மேல் விசிறி ஆடியதும் மகானுக்கே கணக்கு வந்துவிட்டது. நாம் மட்டும் மூச்சு முட்டும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் போதும், கூட்டிக் கழித்துப் பார்க்க.