வேகம் ஒரு புள்ளி குறையாது

“ஒரு புள்ளிகூடக் குறைக்க மாட்டேன்!”

ஈஸ்டர் முடிந்த முதல் சனிக்கிழமை, பாலக்கரையில் எங்கள் வீட்டில், இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் போட்ட சபதம் இது. எதிரே என் மனைவி ஆன்சி. பின்னால் என் கம்ப்யூட்டர். இந்த இரண்டு பேரில் நான் யாருக்குத் தாலி கட்டினேன் என்று என் மாமியாருக்கு இன்றுவரை சந்தேகம்.

கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே மெஷினை விரட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். என் மெமரியை நான் மூவாயிரத்து அறுநூறு வரை விரட்டியிருந்தேன். அதை வைத்து என்ன செய்கிறாய் என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் ‘வேகம்’ என்று பெயர் வைத்த ஐகானை அமுக்குவேன். 3600 என்று காட்டும். காபி குடிப்பேன். அவ்வளவுதான்.

அந்த நம்பரை எட்டியது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல் நாள். அதற்கு முன்பு மெஷின் தினம் இரண்டு தடவை உறைந்து நிற்கும். ஆன்சியின் வேலையும் அதோடு போய்விடும். அவள் பிளவுஸ் எம்பிராய்டரிக்கு அதே கம்ப்யூட்டரில்தான் டிசைன் போடுகிறாள். தவக்காலத்துக்கு ஊரே கறியை விட்டது. நான் செட்டிங்கை விட்டேன். ஈஸ்டர் வரைக்கும் செட்டிங் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மாதா முன்னால் மண்டியிட்டு வேண்டிக்கொண்டேன். மாதா கைவிடவில்லை. நாற்பது நாளும் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. “பறக்குது சார், பறக்குது” என்று ஆபீஸில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன்.

வினை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. யமுனா என்றொரு கல்யாணப் பெண். அவளுக்கு பிளவுஸ் முதுகில் ராஜகோபுரம் வேண்டுமாம். பதிமூன்று நிலையும் வேண்டுமாம். ஆன்சி பதினோராவது நிலைக்கு ஏறும்போதெல்லாம் மெமரி போதவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

“ஏங்க, திங்கக்கிழமை டிசைனைக் குடுத்தாகணும். மெமரி கூடப் போடுங்க.”

“போட்டுட்டாப் போச்சு.”

“மெமரி கூடினா வேகம் குறையும்னு பரக்கத் அலி பாய் சொல்றாரே.”

பரக்கத் அலி கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். எனக்கு வந்த ரோஷத்தில்தான் மேலே சொன்ன சபதம்.

“குறைஞ்சிட்டா?” என்றாள் ஆன்சி.

“குறைஞ்சிட்டா கம்ப்யூட்டர் உன் தையல் ரூமுக்குப் போகட்டும். அப்புறம் நான் கிட்டயே வர மாட்டேன்.”

“யோசிச்சுத்தான் பேசறீங்களா?”

“பேச்சுன்னா பேச்சுதான்.”

“சரிங்க” என்றாள். அவள் சண்டை போடாமல் சரி என்று சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைக்குப் போனேன்.

“ஆசீர் சார், பழைய ரெண்டையும் கழட்டிடுங்க. ஒரே பெட்டியில ஜோடியா வந்த பெரிய மெமரி ரெண்டு போடுங்க. வேகம் குறையாம நிக்கும்” என்றார் பாய்.

“உள்ள நாலு இடம் இருக்கு பாய். ரெண்டு காலியாக் கிடக்கு.”

“கிடந்துட்டுப் போகட்டுமே.”

“காலி சீட்டோட பஸ் கிளம்பினா கண்டக்டர் விடுவாரா?”

“நாலும் ஒண்ணா ஓடணும்னா மெதுவா ஓடறதுக்குத் தக்கனதான் மத்ததும் ஓடும். அதுவும் வேற வேற வீட்டுப் பிள்ளைங்க.”

எனக்கு மனசு கேட்கவில்லை. தவக்காலம் முழுக்க உழைத்த மெமரியைக் கழற்றி மூலையில் போடுவதா? நன்றி என்று ஒன்று இல்லையா? பழையதின் சாயலில் இருந்த இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நான்கையும் செருகினேன். புது ஆள் வந்ததும் மெஷின் பழைய செட்டிங்கை எல்லாம் மறந்துவிட்டது. பரவாயில்லை, நமக்குத் தெரியாததா? 3600 வைத்தேன். திரை கறுப்பு. 3400. கறுப்பு. 3200 வைத்ததும் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் உறைந்தது. தொலைந்த பொருளைத் தேடித் தருகிற அந்தோணியாரிடம் தொலைந்த வேகத்தைக் கேட்டேன். அவருக்கு இந்த இலாகா பழக்கமில்லை போலிருக்கிறது. 3000, 2800, 2666 என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் 2400இல்தான் மெஷின் உறையாமல் ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்னங்க, ஆச்சா?” சமையலறையிலிருந்து குரல்.

“ஆச்சு.”

“வேகம்?”

“அப்படியே இருக்கு.”

“மீன் கழுவிட்டு இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல வந்து பாக்கறேன்.”

ஐந்து நிமிஷம். கம்ப்யூட்டர் கைவிட்டுப் போகாமலிருக்க ஐந்தே நிமிஷம். அப்போதுதான் மூளை வேலை செய்தது. 3600ஐ எட்டிய அன்று திரையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஐகானை அமுக்கினால் அது திறக்கும்படி செய்துவிட்டால்? முதல் பார்வையில் நிஜம் மாதிரியே இருக்கும். எது படம், எது நிஜம் என்று ஆன்சிக்கு எங்கே தெரியப் போகிறது?

படத்துக்கு ‘வேகம்’ என்று பெயர் கொடுத்து சேவ் அமுக்கினேன்.

இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது கம்ப்யூட்டர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஃபைலைத் திறந்தேன். நான் தினமும் காபியோடு தரிசித்த அதே 3600. அதே படம். ஃபைலைச் சேமித்த தேதி, சாம்பல் புதனுக்கு மறுநாள்.

“மாத்தாதீங்க” என்றாள் ஆன்சி, பின்னால் ஈரக் கையோடு நின்றபடி. “உங்க படத்துல பழைய தேதி தெரியுது. நான் அதை அழிச்சு வெச்சிருக்கேன்.”

“நீயா?”

“அன்னிக்கு மயில் டிசைன் முழுசா போச்சு. உக்காந்து அழுதேன். பாய் போன்ல சொல்லச் சொல்ல நான்தான் வேகத்தைக் குறைச்சேன். நீங்க ஈஸ்டர் வரைக்கும் செட்டிங்கைத் தொட மாட்டீங்கன்னு தெரியும். பறக்குது பறக்குதுன்னு சந்தோஷமா இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு உங்க போன்ல இருந்த படத்தையே ஐகான்ல வெச்சுட்டேன்.”

நாற்பது நாள் நான் கும்பிட்டது படத்தை! ஆனாலும் ஆண்பிள்ளை; சட்டம் பேசினேன்.

“அப்ப வேகத்தைக் குறைச்சது நீ. நான் புதுசா ஒரு புள்ளி குறைக்கலை. பந்தயத்துல நான் தோக்கலை.”

“நான் வெச்சது ரெண்டாயிரத்து அறுநூத்து அறுபத்தாறுங்க. நீங்க இப்ப எவ்வளவு வெச்சிருக்கீங்க?”

நான் வைத்திருந்தது 2400. ஒயர்களைக் கழற்றி, கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்கு நடந்தேன்.

“பாத்து, மெதுவா இறக்கி வைங்க” என்றாள் ஆன்சி. “வேகம் குறைஞ்சிடப் போகுது.”