ஆயில் ஏன் வழிஞ்சுதுன்னா

சங்ககிரி
12.8.83

மல்லசமுத்திரம் மாமா காளியண்ணன் அவர்களுக்கு மருமகன் சுப்பையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு உங்கள் சுகமும் அத்தை சுகமும் பாப்பா சுகமும் தெரிய ஆவல். உங்க மூணாவது கடுதாசியும் கெடச்சுதுங்க. பாப்பாவோட அம்மா கண்ணாத்தா கண்ண மூடி ஆறு மாசமாச்சு, பாப்பாவ எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போறீங்கன்னு கேட்டிருந்தீங்க. இப்போதைக்குத் தோதுப்படாதுங்க. ஐடிஐ-யில வேல ஜாஸ்தி.

என்ன வேலைன்னா, பசங்க அவங்கவங்க அனுபவத்துல இருந்தே படிக்கோணும்னு பிரின்சிபாலு புதுசா ஒரு நோட்டுப் போடச் சொல்லிட்டாருங்க. இன்னைக்கு என்ன தப்புப் பண்ணுனேன், ஏன் பண்ணுனேன், நாளைக்கு என்ன பண்ணுவேன்னு தெனமும் சாயங்காலம் எழுதோணும். மொத நாளு இருவத்திரண்டு பேரும் தப்பே பண்ணலீன்னு எழுதிட்டானுங்க. சொந்தத் தப்ப எழுதுங்கடான்னேன், மறுநாளு அவனவன் பக்கத்துல இருக்கறவன் தப்ப எழுதிக் கொண்டாந்தான். அம்மாசிங்கற பையன் மட்டும் இந்த ஐடிஐ-யில சேந்ததுதான் தப்புன்னு எழுதி, காரணத்துக்கு அவங்கப்பா பேரப் போட்டிருந்தான். நேத்து லாரி எஞ்சினுக்கு ஆயில் ஊத்தறப்ப அடியில அடைக்கற பிளக்க யாரும் மாட்டலீங்க. மேல ஊத்த ஊத்தக் கீழ வழிஞ்சு, பத்து லிட்டரும் போயி, என்னடா சத்தம்னு பாக்க வந்த பிரின்சிபாலு வழுக்கி அதுலயே உக்காந்துட்டாரு. உக்காந்தபடியே, ஏன்னு எல்லாரும் எழுதுங்கன்னாரு. இருவத்தியொரு பேரு கவனக்குறைவுன்னு ஒருத்தனப் பாத்து ஒருத்தன் எழுதிட்டானுங்க. வேலுமணி மட்டும் வேற எழுதியிருந்தான்: "பிளக் இல்லாததைப் பார்த்தேன். சுப்பையன் சார் ஆறு மாசமா எதுக்கும் திட்டறதில்லை. இதுக்காவது திட்டுவாரான்னு சும்மா இருந்தேன். திட்டலை."

பத்துக்கு ஏழு மார்க்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டனுங்க.

வேல இப்படி இருக்கறதால பாப்பா அங்கயே இருக்கட்டும். அத்தைக்கு என் கும்பிடு. பாப்பாவுக்குக் காளியாத்தா தொணையிருப்பா.

இப்படிக்கு,
சுப்பையன்

பி.கு: இத ஒட்டித் தபால்ல போடச் சொல்லி வேலுமணிகிட்டக் குடுத்தனுங்க. படிச்சுட்டுத் திருப்பிக் கொண்டாந்து, "ஏன்னு எழுதலீங்களே சார்"னான். அடுத்தவங்க ஊட்டுக் கடுதாசியப் படிக்கறயாடான்னு நல்லாத் திட்டிப் போட்டேன். சிரிச்சுக்கிட்டே நின்னான். வேலையெல்லாம் ஒண்ணும் ஜாஸ்தி இல்லைங்க மாமா. பாப்பா இப்ப அவங்கம்மா பேசறாப்பலயே பேசுதுன்னு அத்தை எழுதச் சொல்லியிருந்தாங்க. அந்தப் பேச்சக் கேக்கப் பயந்துக்கிட்டுத்தான் வரலீங்க. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேன், பாப்பா துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லுங்க. இந்தக் கடுதாசி எனக்குப் பின்னாடிதான் வந்து சேரும். வந்தாப் பிரிக்க வேண்டாமுங்க.