அப்பா மகான் இல்லை என்று சாட்சி சொல்ல வரவும்

ஸஃபேத், வியாழக்கிழமை

ஹைஃபாவில் வீற்றிருக்கும் நெத்தனேல் மாமா அவர்களுக்கு, மருமகன் ஊரி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், அப்பாவைத் தவிர. அங்கேயும் அனைவரும் நலம் என்றால், அதை அப்படியே விட்டுவிட்டு உடனே புறப்படவும்.

எங்கள் மாடி அறையில் ரப்பி ஒவாத்யா, டெல் அவீவ் அம்மணிகளுக்கு ‘மறைஞானம்: ஓர் அறிமுகம்’ நடத்துகிறார் அல்லவா. நாற்பது வயதுக்குமுன் அதைக் கற்கக் கூடாது என்பது மரபு. எனக்குப் பதினைந்து, ஆகவே கதவுக்கு வெளியே நின்று கற்கிறேன். செவ்வாயன்று படைப்பின் இரகசியம். எல்லையற்றவர் தம் ஒளியைப் பாத்திரங்களில் ஊற்றினார், அவை தாங்காமல் உடைந்தன, சிதறிய பொறிகளைச் சேர்ப்பதே மனிதனின் வேலை என்று ரப்பி கண்ணை மூடிய நேரம் பார்த்து, மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் குரல் சன்னல் வழியே இறங்கியது: “தாங்காத தொட்டியில இவ்வளவையும் எவன்டா தொறந்துவிட்டது? உடையாம என்ன பண்ணும்? செதறினதெல்லாம் இப்ப நான்தான் பொறுக்கணும், என் தலையெழுத்து.”

அம்மணிகளுக்குப் புல்லரித்துவிட்டது. “யாருப்பா அவரு?” என்று ஒருத்தி வெளியே வந்து என்னைக் கேட்டாள். முப்பத்தாறு நல்லவர்கள் யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்து உலகைத் தாங்குகிறார்கள் என்பது முந்தைய பாடம். எனக்கு நாக்கு அரித்தது மாமா. “சொல்லக் கூடாது. வெளிய குழாய் வேலைன்னு சொல்லிக்குவாரு” என்றேன்.

அவ்வளவுதான். மறுநாள் வாசலில் கூட்டம். “அந்த முப்பத்தாறுல நீங்களும் ஒருத்தரா ஐயா?”

“முப்பத்தாறும் இல்ல, முப்பத்தேழும் இல்ல. வழிய விடும்மா.”

“பாத்தியாடி, மறுக்குறாரு. நெஜமான ஆளுன்னா மறுக்கத்தான் செய்வாருன்னு ரப்பி சொன்னாரே.”

அப்பா திட்டினால் அருள்வாக்கு என்று எழுதிக்கொள்கிறார்கள், திட்டாவிட்டால் மௌன உபதேசம். சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தால் பாதாளத்து ஆன்மாக்களை மீட்கிறாராம். நல்ல குழாயை உடைத்துவிட்டு அவரை அழைக்கிறார்கள். “நாளைக்குச் சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேத்துறதுக்குள்ள இந்தக் கூட்டம் கலையலன்னா, உன்னைய ப்னெய் ப்ராக் வேதபாடசாலை விடுதியில தள்ளிடுவேன். விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி ஜெபிக்க வைப்பாங்க” என்கிறார். என்னை மதியத்திலேயே எழுப்ப முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் அருமை பெருமைகளை உங்களைவிட யார் அறிவார்? சீட்டாட்டத்தில் ஏமாற்றியது, உங்கள் கல்யாணத்தில் குறட்டை விட்டது, உங்கள் கம்பளிக் கோட்டைத் தமதாக்கிக்கொண்டது என்று ஒவ்வொரு பஸ்கா விருந்திலும் நீங்கள் பாடும் பாட்டை எங்கள் வாசலில் ஒருமுறை பாடினால் போதும்.

மாமிக்கு என் முத்தங்கள். நூற்றிருபது வயதுவரை வாழ்வீராக.

பணிவுள்ள,
ஊரி

பி.கு.: வர வேண்டாம். நல்லவர்கள் தம் மேன்மையை மறைக்க வேண்டுமென்றே கீழ்த்தரமாக நடப்பார்களாம். உங்கள் சாட்சி அப்பாவை இன்னும் உயர்த்திவிடும் என்கிறார் ரப்பி. வேறு வழியின்றி, அப்பா வெறும் குழாய்க்காரர், அசல் ஆள் ஹைஃபாவில் இருக்கிறார் என்று உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். வாசல் காலி. ஹைஃபா பேருந்து கிளம்பப்போகிறது. கடிதத்தையும் ஒட்டி அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் என்னைத் திட்ட வேண்டாம், மாமா. எதிரில் எல்லாரும் பேனாவோடு நிற்பார்கள்.