தாய்மாமன் போட்ட பிரேக்கர்

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என்று எழுத மனம் வராவிட்டாலும் வழக்கத்தை முன்னிட்டு, அன்புள்ள மைத்துனர் ஜெயபாண்டிக்கு, ஓய்வு பெற்ற ஏட்டு ராக்கப்பன் எழுதுவது. உம் அக்காள் அனுசியாவும் மகள் சிவரஞ்சனியும் சுகம். வீட்டு லைட்டுகள் சுகமில்லை. போனில் பேசினால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும், ஆகவே கடிதம்.

எலக்ட்ரீசியன் மைத்துனர் வாய்த்தாரே என்று நம்பி வயரிங்கை உம்மிடம் ஒப்படைத்தேன். லைட்டு லைனுக்கு நீர் வைத்த பிரேக்கர் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு 'டப்'பென்று விழுகிறது. ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, லைட்டு மட்டும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு தடவை காலையில் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு அத்தான்" என்றீர். காலையில் திருடன்கூட நல்லவன்தான் ஐயா! முப்பத்தொரு வருஷ சர்வீசில் நான் பார்க்காத திருடனா? நானே விசாரணையில் இறங்கினேன். ஹால் டியூப்லைட்டைக் கழற்றினேன், வாசல் பல்பைக் கழற்றினேன், சமையலறையை இருட்டாக்கி உம் அக்காளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளும் ஆறரைக்கு, ஆண்டாள் படத்து மாலை வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, கையெடுத்துக் கும்பிடக்கூட விடாமல், டப்!

போன புதன்கிழமை வத்திராயிருப்பிலிருந்து பெண் பார்க்க வந்தபோதும் இதே கதை. இருட்டில் சம்பந்தி என்று நினைத்து நான் நீட்டிய கேசரியை வாங்கித் தின்றது நம் வீட்டு நாய். "வெளக்கு வைக்கிற நேரத்துல இப்பிடி இருட்டாயிருதே" என்று சம்பந்தியம்மாள் முனகினார். மானம் போச்சு! அப்படியும் பெண்ணைப் பிடித்துப்போய் வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறரைக்கு! ஆகவே தாய்மாமன் மரியாதை உமக்குக் கிடையாது. உம் சித்தப்பா மகன் கருத்தையாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அவருக்கு வயரிங் தெரியாது, அது ஒன்றே போதும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உமக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
ராக்கப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் உம் அக்காள், "செத்த நேரம் சும்மா இருங்க" என்று எல்லா லைட்டையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அத்தனையும் எரிந்தது, பிரேக்கர் அசையவில்லை. மணி ஆறரை ஆனதால் நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். மாலையிலிருந்து சொட்டிய தண்ணீர், படத்துக்குக் கீழே லைட்டு லைனிலிருந்து நான் இழுத்து மாட்டிய சீரியல் பல்பு பிளக்கில் இறங்கியது. டப்! காலைக்குள் காய்ந்துவிடுமாம். சாமியையா சந்தேகப்படுவது என்று அதை மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தேன். "எந்தம்பி போட்ட பிரேக்கர் விழலேன்னா, இந்நேரம் அந்தப் படத்துக்குப் பக்கத்துல உங்க படமும் மாலையோட தொங்கியிருக்கும்" என்றாள்.

மாப்பிள்ளை ஜெயபாண்டி, மேலே நிச்சயத்துக்கு வைத்த நாளைத் தவிர வேறெதையும் படிக்க வேண்டாம். தாய்மாமன் மரியாதை உமக்குத்தான். கருத்தையா பட்டு வேட்டி எடுத்துவிட்டாராம். அதையும் நீரே வந்து சரிபண்ணிக் கொடும்.