பதினைந்து துடிப்பு

ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் கசார்வாடிப் பேட்டை டாக்டர், இதயக் குழாயில் அடைப்பு என்று சொல்லி, "லவ்கர், லவ்கர்" என்று மராத்தியில் அவசரப்படுத்தி, அட்மிஷனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை ஷூவுக்குள் ஒளித்தேன். என் அப்பாவும் பெரியப்பாவும் இப்படிச் சீட்டோடு நடந்து போனவர்கள். திரும்பி வரும்போது நடக்கவில்லை. எனக்குப் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயம்.

வைத்தியத்துக்குப் பதிலாக ஒரு பழைய க்ரோனோகிராஃப் கைக்கடிகாரம் வாங்கினேன். அந்தக் காலத்து டாக்டர்கள் கட்டிய ரகம். பொத்தானை அழுத்தி, பதினைந்து நாடித்துடிப்பு எண்ணி, மறுபடி அழுத்தினால், நிமிஷத்துக்கு எத்தனை என்று முள்ளே காட்டிவிடும். தினமும் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு பார்ப்பேன். முள் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் துடிப்பு இன்னும் பத்து ஏறும்.

மனைவி சியாமளாவுக்குச் சந்தேகம் வராதிருக்க, சரித்திரம் பேசினேன்.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, பாரிஸ் குதிரைப் பந்தயத்துல, இது டயல்ல மைப்பொட்டு வைக்குமாம். க்ரோனோகிராஃப்னா காலத்தை எழுதறதுன்னு அர்த்தம்."

"அந்த மையை யார் தொடைச்சா? ஆம்படையாளா?"

ஞாயிற்றுக்கிழமை அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்கோ."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் மாணவி! உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் நாடியைப் பிடித்துக் காட்டினேன். எழுபத்திரண்டு.

"இப்ப உங்களுது."

"வேண்டாமே. இப்பத்தான் மாடிப்படி ஏறினேன்."

"ஒரு மணி நேரமா பேப்பர் படிச்சிண்டிருக்கேள். கையை நீட்டுங்கோ."

நீட்டினேன். எண்ணினாள். அழுத்தினாள். நூற்றிருபத்திநாலு.

"ஐயே, கடிகாரம் சரியில்லை. எவனோ உங்க தலையில கட்டிட்டான். பழைய சாமானோட பங்கார்வாலாகிட்ட போட்டுடறேன்."

"பழைய சாமானா? அரை விநாடி பிசகாது! பதினோரு நாளா பாக்கறேன், நித்யம் நூத்திருபதுக்கு மேலதான்! நேத்திக்கு மாடி ஏறினப்போ நூத்திநாப்பது!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சியாமளா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நீங்க தூங்கினப்புறம் தினம் உங்க மார்ல காதை வெச்சுக் கேட்டிண்டிருக்கேன். எனக்குக் கடிகாரம் எதுக்கு? உங்க வாயால வரணும், அவ்வளவுதான். எழுந்திருங்கோ."

"இரு, ஒரு வாரம் யோசிச்சு..."

அவள் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினாள். எட்டிப் பார்த்தேன். ரிக்ஷாக்காரன் அரை மணியாகக் காத்திருந்தான். என் வேஷ்டியும் டூத்பிரஷும் எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தன.