எட்டாளின் ஒன்பது பாட்டு

தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் எட்டாளின் குரலைக் கேட்கவில்லை என்றால், ஒன்று அவர் அன்று ஊரில் இல்லை, அல்லது அவருக்குக் காது கேட்காது. மூன்றாவது காரணம் இருக்க முடியாது. காலையில் குட்டியானை வண்டியிலிருந்து 'தக்காளி, தக்காளி, பாலக்கோட்டுத் தக்காளி' என்று நம்மை எழுப்புவது அவர்தான். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குக் கூப்பிடுவது அவர். செருப்புக் கண்காட்சிக்கு இன்றே கடைசி என்று மூன்று மாதமாகச் சொல்லிவருவதும் அவர். ஒரு தேர்தலின்போது எதிரெதிர் கட்சிகளின் இரண்டு ஆட்டோக்கள் எங்கள் தெருவில் நேருக்கு நேர் வந்து நின்றன. 'மக்களை ஏமாற்றியது யார்?' என்று எட்டாள் கேட்க, 'பொய் சொல்வது யார்?' என்று எட்டாளே திருப்பிக் கேட்டார். தெருவில் இருந்தவர்கள் இரண்டுமே நன்றாக இருக்கிறது என்றார்கள்.

விளம்பரங்களைப் பேசிப் பதிவுசெய்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஒரு ஜவுளிக்கடைக்காகக் கணவன், மனைவி, மாமியார், இரண்டு நாத்தனார்கள், குழந்தை, கடைக்காரர், கல்லாவில் இருப்பவர் என்று எட்டுப் பேர் பேசும் தீபாவளி விளம்பரத்தை ஒற்றை ஆளாகப் பேசி முடித்தார். அன்றிலிருந்து அவர் எட்டாள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஒரு பத்திரத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு முட்டை மண்டிக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் பத்திரம் எழுதுகிறேன். மற்றது எட்டாளின் ஒலிப்பதிவுக் கூடம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க, நான்கு சுவர்களிலும் கூரையிலும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார். அத்தனையும் கீழே மண்டியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறியவை. மாதம் ஒருமுறை மண்டிக்காரர் வந்து சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

அந்த அறையில் விளம்பரம் தவிர வேறு ஏதோ நடக்கிறது என்பது எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்தது. மதியம் ஒரு மணி முதல் மூன்று வரை கதவு சாத்தியிருக்கும். ஒரு நாள் உள்ளிருந்து கிடார் கேட்கும். இன்னொரு நாள் யாரோ சூட்கேஸை அடிப்பதுபோல இருக்கும். விசாரித்தபோது, சூட்கேஸைத்தான் அடித்திருக்கிறார்.

"ஆல்பம் ஒண்ணு பண்றேங்க சார். ஒம்பது பாட்டு. எழுதறது, மெட்டுப் போடறது, வாசிக்கிறது, பாடறது எல்லாம் ஒரே ஆளு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

ஏன் தனியாக என்று கேட்டேன். அவருக்கு முன்பு ஒரு மெல்லிசைக் குழு இருந்ததாம். பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில், மேடையில் விளக்குப் போட்ட பிறகு திரும்பிப் பார்த்தால் கீபோர்டுக்காரரும் டிரம்மரும் இல்லை. அதே முகூர்த்தத்தில் ஓசூரில் இன்னொரு கல்யாணம், அங்கே போய்விட்டார்கள்.

"ஆளுங்கள நம்புனா என்னிக்காவது ஒரு நாள் மேடைல தனியா நிக்கணும் சார். மொதல்லயே தனியா நின்னுட்டா அந்தப் பயம் இல்ல பாருங்க."

ஒன்பது பாட்டும் ஒன்பது திசையில் ஓடின. ஒன்று பம்பை அடிபோல ஆரம்பித்துக் கிடார் அலறலில் முடியும். ஒன்று தாலாட்டு, ஆனால் குழந்தை எழுந்து ஆடிவிடும். ஒன்றில் வார்த்தையே கிடையாது. ஒன்றில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும், மூன்றிலும் 'பேபி' வரும். டிரம்ஸுக்குச் சூட்கேஸோடு இருபது லிட்டர் தண்ணீர் கேனும் பிஸ்கட் டின்னும். கீபோர்டில் மூன்று கட்டைகள் வேலை செய்யாது. அந்த மூன்று சுரங்கள் இல்லாமலேயே மெட்டுப் போட்டிருந்தார்.

இதெல்லாம்கூட உலகத்தில் எங்காவது நடக்கக்கூடியதுதான். நான் வேறெங்கும் படிக்காத விஷயம், அவர் தன் இசைக்குழுவைப் பற்றிப் பன்மையில் பேசியது. "இன்னிக்கு ரெக்கார்டிங் இல்லீங்க சார். டிரம்மருக்கு வயிறு சரியில்ல" என்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. டீக்கடையில் பாடகருக்கு மிளகுப் பாலும் டிரம்மருக்குச் சர்க்கரை தூக்கலாக டீயும் சொல்லி, இரண்டையும் அடுத்தடுத்துக் குடிப்பார். ஒருமுறை பேஸ் கிடார்காரரோடு மனஸ்தாபம் முற்றி, நான்கு நாள் பேஸ் கிடாரைத் தொடவேயில்லை.

"தாளத்த விட்டு ஓடறாருங்க. கேட்டா, டிரம்மர்தான் இழுக்கறாருங்கறாரு."

"யார் சொல்வது சரி?" என்றேன்.

சற்று யோசித்தார். "ரெண்டு பேருமே கூடப் பழகுனவங்க சார். நான் நடுவுல பேச முடியாது."

ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு முத்திரைத்தாளோடு என் அறைக்கு வந்தார். நாளைக்கு ஆல்பம் பேர் வாங்கினால் குழுவுக்குள் சண்டை வரக் கூடாதாம், அதற்கு ஓர் ஒப்பந்தம் வேண்டுமாம். எழுதினேன். பாடகர், கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் என்று ஐந்து பார்ட்டிகள். ஐவருக்கும் ஒரே தகப்பனார், ஒரே கதவு எண். கையெழுத்து ஐந்தும் ஒரே மாதிரி இருக்குமே என்று தயங்கினேன்.

"டிரம்மர் கைநாட்டுங்க" என்றார்.

நான் பத்திரம் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, எல்லாப் பார்ட்டிகளும் சொன்ன நேரத்துக்கு வந்துசேர்ந்த ஒரே பத்திரம் அதுதான்.

எட்டுப் பாட்டுகள் முடிந்தன. ஒன்பதாவதுதான் அவரை ஆட்டிவைத்தது. அதில் பாடகர், 'மலைக்கு அந்தப்பக்கம் யாரு, கேக்குதா?' என்று கேட்பார். பிறகு நான்கு தாளத் தட்டுக்கு வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு கூட்டம் பதில் சொல்ல வேண்டும். எட்டாள் தன் குரலையே முப்பத்திரண்டு தடவை பதிவுசெய்து அடுக்கிப் பார்த்தார். கூட்டம் வரவில்லை.

"முப்பத்திரண்டு பேரும் ஒரே எடத்துல மூச்சு வாங்கறாங்க சார். கூட்டம்னா ஒருத்தன் இருமணும், ஒருத்தன் வேற எங்கியோ பாக்கணும். இது ஒரே ஆளு காலி மண்டபத்துல கத்துற மாதிரி இருக்கு."

ஆட்களைக் கூப்பிட்டுப் பாடவைக்கலாமே என்றால், ஓசூர்க் கல்யாணத்தைச் சொல்வார். ஆறு வருட வேலை அந்த நான்கு தட்டில் போய் நின்றுவிட்டது. அது நிரம்பாமல் ஒரு பாட்டும் ஒருவர் காதிலும் விழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். பக்கத்து அறைக்காரனான நானே கதவு வழியாகக் கசிந்ததைத்தான் கேட்டிருந்தேன்.

அந்த நிலையில்தான் புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்று வந்தது. காலை ஒன்பது ஐம்பதுக்கு எட்டாள் என் அறை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமில்லை. கையில் ஒரு சிவப்பு பென் டிரைவ்.

"இது பிளாஸ்டிக் குடம் சார்" என்றார்.

புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாது என்பவர் குட்டியானையில் குடம், பக்கெட், நாற்காலி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர். காலை ஆறு மணிக்கு எட்டாள் அவருக்கு விளம்பரம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சிவப்பு பென் டிரைவ்கள் இரண்டு இருந்திருக்கின்றன. விளம்பரம் இங்கேயே இருக்கிறது. ஆல்பம் மாதுவின் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி இருக்குமே என்றேன்.

"போன வாரந்தான் சார் அழிச்சேன். எடமில்ல. தக்காளி நெறைய சேந்துபோச்சு."

மாதுவின் வீட்டில் கேட்டோம். சித்தேரி மலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மாதுவின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் கலவரத்திலும் எட்டாள், "மூச்சு எடுக்கிற எடம் தப்புங்க" என்றார். தர்மபுரிக்குப் பேருந்து ஏறினோம். தர்மபுரி நிலையத்தில் எட்டாள் கொய்யா விற்றார். அரூரில் இறங்கினால் மூட்டுவலித் தைலம் விற்றார். ஊர் முழுக்க அவர் குரல் உற்சாகமாகக் கூவிக்கொண்டிருக்க, என் பக்கத்தில் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைப் பேருந்து ஏறி இரண்டாவது கொண்டை ஊசி வளைவில்தான் வாய் திறந்தார்.

"தொலஞ்சு போயிருந்தாக்கூடப் பரவால்ல சார். யாராச்சும் கேட்டிருந்தா?"

சித்தேரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வண்டி நிற்பதாக நடத்துநர் விசாரித்துச் சொன்னார். இறங்கி, சாமை அறுத்த கொல்லைகளை ஒட்டி நடந்தோம். திருப்பத்துக்கு முன்பே பாட்டுக் கேட்டது. மூன்று மொழிப் பாட்டு. எட்டாள் அப்படியே நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

களத்து மேட்டில் மாதுவின் வண்டி நின்றது. அதைச் சுற்றி அரைவட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பும் நீலமும் பச்சையுமாக. எல்லாவற்றிலும் ஆட்கள். முந்தின நாள் மழையில் காடு ஈரமாக இருந்ததால் யாரும் வேலைக்குப் போகவில்லை. மாது கவிழ்த்த பக்கெட் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், இது விளம்பரமாய்யா? கேட்டவுடனே நிறுத்த வேண்டாமா?" என்றார் எட்டாள்.

"நான் என்னாத்தக் கண்டேண்ணா. எட்டாளண்ணன் புது மாதிரியா பண்ணிருக்காருன்னு நெனச்சேன். கடைசீல குடம்னு வரும், வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஒம்பது பாட்டும் முடிஞ்சுபோச்சு, குடம் வரல. சரி, கவனிக்காம விட்டுட்டமோன்னு திருப்பிப் போட்டேன். இது நாலாவது தரம்."

வியாபாரம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். உட்கார்ந்து கேட்க வந்தவர்கள், உட்கார்ந்த நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டார்களாம். குடம் ஒன்றுகூடப் போகவில்லையாம்.

எட்டாளுக்கு இதெதுவும் காதில் ஏறவில்லை. பென் டிரைவைப் பிடுங்கக் கையை நீட்டினார். அதற்குள் ஒன்பதாவது பாட்டு தொடங்கிவிட்டது. 'மலைக்கு அந்தப்பக்கம் யாரு, கேக்குதா?' என்றது ஒலிபெருக்கி. வாத்தியங்கள் நின்றன.

"நாங்கதான்" என்றது களத்துமேடு மொத்தமும்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பச்சை நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். காலையில் முதல் தடவை அந்தக் கேள்வி வந்தபோது அவர் வீட்டுக்குள் இருந்தாராம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று, "நாந்தான், என்னா வேணும்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாராம். ஊரே சிரித்ததாம். இரண்டாவது தடவையிலிருந்து எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்களாம்.

"கேட்டா பதில் சொல்ல வேண்டாமுங்களா? பாவம், எத்தன வாட்டி கேக்கறாரு அந்த மனுசன்" என்றார் அந்த அம்மா.

எட்டாள் அவரைப் பார்த்தார். மாதுவைப் பார்த்தார். பிறகு மாதுவை எழுப்பிவிட்டு அந்தப் பக்கெட்டின்மேல் ஏறி நின்றார்.

"அந்த மனுசன் நாந்தாங்க. இன்னொரு வாட்டி சொல்றீங்களா?"

எல்லோரையும் வண்டிக்கு நெருக்கமாக வரச் சொன்னார். ஒன்பதாவது பாட்டை மறுபடி போடச் சொல்லி, கைப்பேசியை உயரே தூக்கிப் பதிவுசெய்யத் தொடங்கினார். முட்டை அட்டைக்குள் ஆறு வருடம் உட்கார்ந்தவர், திறந்த வெளியில், சேவல் கூவ, நாய் குரைக்க, மாது மூக்கைச் சிந்த, எதையும் தடுக்கவில்லை. பாட்டில் அந்தக் கேள்வி நான்கு முறை வரும். நான்கு முறையும் மலை பதில் சொன்னது. முடிந்ததும் அவர் கீழே இறங்கி, பென் டிரைவை மாற்றிக்கொண்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, காரணமே இல்லாமல் ஒரு குடம் வாங்கினார்.

மாலைப் பேருந்தில் மடியில் குடத்தை வைத்துக்கொண்டு வந்தார். இயர்போனின் ஒரு முனையை என் காதில் மாட்டிவிட்டார். அந்த ஒன்பதாவது பாட்டை எனக்கென்று அவர் போட்டுக்காட்டியது அதுதான் முதல் தடவை. கடைசிப் பதில் வரும்போது விரலை உயர்த்தினார்.

"கவனிங்க சார். எல்லாரும் சொல்லி முடிச்சதுக்கப்புறம் ஒரே ஒருத்தர் மட்டும் அரைத்தட்டு லேட்டா, தனியா வராரு. சுருதியும் சேரல."

ஆமாம், தெளிவாகக் கேட்டது. வெட்டிவிடலாமே என்றேன்.

அவர் அந்த இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார்.

"வேண்டாங்க. லேட்டானாலும் வந்தாரில்லீங்களா? இருக்கட்டும்."

ஆல்பம் வெளிவந்துவிட்டது. அந்தக் குரலும் அதில் அப்படியே இருக்கிறது. அது யாருடையது என்று மலையில் யாரைக் கேட்டாலும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் சரியான நேரத்தில்தான் சொன்னார்கள். வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நான்தான் கடைசியில் நின்றிருந்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.