ரெண்டு நானாவும் ஒரே கட்டடத்துச் சர்வர்களும்

புத்தளம் மாவட்டத்தில் எதையும் ஒற்றையாய் நம்பாத மனிதர் எங்கள் ரெண்டு நானா ஒருவர்தான். சட்டைப்பையில் இரண்டு போன், பையில் இரண்டு குடை. காலைத் தேநீரைக்கூட இரண்டு கடைகளில் மாறிமாறிக் குடிப்பார். ஒன்று பூட்டிக் கிடந்தால் மற்றதில் பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். அதனால்தான் அண்ணன் முறைக்கு நானா என்கிற எங்கள் ஊரில் அவர் எல்லோருக்கும் 'ரெண்டு நானா'; சொந்தப் பெயர் அவருடைய சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது.

கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வருகிறவர்கள் இணையத்தில் படகு பதிவு செய்வது எங்கள் கந்தோர் மூலம்தான். நானாதான் கணினிகளுக்குப் பொறுப்பு, நான் அவருக்குக் கீழே. சீசனில் இணையத்தளம் படுத்தால் முதலாளி ஹாஜியார் கந்தோரைப் பூட்ட வேண்டியதுதான். என் வேலையும் அதோடு சரி.

இணையத்தளம் ஓடுகிற சர்வர் மெஷின்களை வாடகைக்குப் பிடிக்கிற வேலையை ஹாஜியார் என்னிடம் தந்தார். நானா செலவை இரட்டிப்பார் என்ற பயம். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி மலிவான இரண்டு கம்பனிகளைப் பிடித்தேன். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். நானா மகிழ்ந்துபோவார் என்றிருந்தேன்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "ரெண்டு கம்பனியிட மெஷினும் எந்தக் கட்டடத்தில இரிக்கி?"

எனக்கென்ன தெரியும்? அவரே இரண்டு கம்பனிக்கும் எழுதிக் கேட்டார். பெயர்தான் வேறு, விலாசம் ஒன்று. இருவரும் ஒரே கட்டடத்தில் இடம் எடுத்து எங்களுக்குக் கைமாற்றியிருந்தார்கள். அங்கே கரண்ட் போனால் இரண்டும் போகும்.

வேறிடத்தில் எடுக்க விலை கூடுதல். ஹாஜியார் மசியவில்லை. நானா அவரை ஜன்னலடிக்குக் கூட்டிப்போய், கரையில் நின்ற எங்கள் இரட்டை எஞ்சின் படகைக் காட்டினார்.

"ஹாஜியார், போன வருசம் ரெண்டு எஞ்சினும் நடுக்கடல்ல ஏன் நிண்டது?"

ஹாஜியாரின் குரல் இறங்கியது. "எண்ணெய்க் கேன் ஒண்டுதானே. அதுக்குள்ள தண்ணி."

"இதுவும் அதுதான்."

ஒரு கம்பனியை விட்டுவிட்டு, வேறு நாட்டில் ஒன்றை நானாவே தேடிப் பிடித்தார். சீசன் உச்சத்தில் பழைய கட்டடம் ஒரு நாள் முழுக்க இருண்டு கிடந்தது. எங்கள் படகுகள் நிறைந்தே போயின. ஹாஜியார் என் முதுகில் தட்டினார். புதுக் கம்பனியைத் தேடிப் பிடித்தது நான் என்று நானா சொல்லியிருந்தார்.

இப்போது நானா எலுவன்குளத்தில் வயல் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எனக்குப் போன் எடுத்து, "சுகமா இரிக்கீங்களா தம்பி?" என்பார். வைத்துவிட்டு மற்றப் போனிலும் எடுத்து அதையே கேட்பார். நானும் இரண்டு தடவை பதில் சொல்வேன். போன கிழமை ஒரு அழைப்போடு நின்றுவிட்டது. பதறிப்போய் நானே எடுத்தேன். மற்றப் போன் வாய்க்காலில் விழுந்துவிட்டதாம்.

அன்றைக்கே பஸ்ஸில் புதுப் போன் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். ஒரு தடவை மட்டும் அவர் குரலைக் கேட்டுவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது.